கண்ட்ரோல் பேனல், மெயில் சர்வர் இரண்டுக்கும் செல்ஃப் சைன்டு சான்றிதழ் போதுமா?

புதுசர்வர்

வணக்கம் நண்பர்களே. டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஐஎஸ்பிகான்ஃபிக் என்ற கண்ட்ரோல் பேனலை நிறுவியிருக்கிறேன். மெயில் அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியிலிருந்து மெயிலைத் தரும் டவ்காட், கோப்பு ஏற்ற உதவும் ப்யூர்-எஃப்டிபிடி எல்லாம் அதே மெஷினில்தான் ஓடுகின்றன. தெரிந்தவர்களுடைய சில தளங்கள், அவற்றுக்கான மின்னஞ்சல் பெட்டிகள், அவ்வளவுதான் சுமை.

நிறுவும்போதே பேனல் தனக்குத் தானே கையொப்பமிட்ட (செல்ஃப் சைன்டு) ஒரு சான்றிதழை உருவாக்கிக்கொண்டது. நாடு, ஊர், நிறுவனம் என்று வரிசையாகக் கேட்டது. என்டர் தட்டிக்கொண்டே போய்விட்டேன். இப்போது 8080 போர்ட்டில் பேனலைத் திறந்தால் குரோம் முழுத்திரை எச்சரிக்கை காட்டுகிறது. தண்டர்பேர்டு விதிவிலக்கு தரச் சொல்கிறது. ஐஃபோன் வைத்திருக்கும் ஒருவர், சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்த திரையைப் படம் பிடித்து அனுப்பி, "ஹேக் ஆகிவிட்டதா?" என்று கேட்கிறார்.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். இந்த நிலையில் கடவுச்சொல் அப்படியே வெளியில் போகிறதா? செல்ஃப் சைன்டு வைத்தே இதை ஒழுங்காகச் செய்ய முடியுமா? நாங்கள் அனுப்பும் மெயில் சில சமயம் ஸ்பேமுக்குப் போகிறது, அதற்கும் இதுதான் காரணமா?

அரைகுறைஅட்மின்

லெட்ஸ் என்கிரிப்ட் போடுங்கள், இழையைப் பூட்டுங்கள். பிரவுசர்கள் நம்பும் சான்றிதழை 2015-லிருந்து இலவசமாகத் தருகிறார்கள். இன்னும் செல்ஃப் சைன்டு பற்றிப் பேசிக்கொண்டிருப்பது வீண்.

பூட்டுச்சாவி

அவ்வளவு சுலபமாகப் பூட்டிவிட முடியாது. கேட்டதற்கு முதலில் பதில் சொல்வோம்.

கடவுச்சொல் வெளிப்படையாகப் போகவில்லை. செல்ஃப் சைன்டு ஆனாலும் காசு கொடுத்து வாங்கியது ஆனாலும் இணைப்பை மறைக்கும் டிஎல்எஸ் குறியாக்கம் ஒன்றேதான். 2048 பிட் ஆர்எஸ்ஏ இரண்டிலும் 2048 பிட்தான். நடுவில் உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பிடித்து வைப்பவருக்கு எதுவும் புரியாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சான்றிதழில் "யாருக்கு", "யார் கொடுத்தது" என்று இரண்டு பெயர்கள் இருக்கும். உங்களுடையதில் இரண்டிலும் ஒரே பெயர். தனக்குத் தானே நற்சான்று எழுதிக்கொண்ட கதைதான். யாரும் உங்கள் சர்வர் பெயரைப் போட்டு இன்னொன்று உருவாக்க முடியும், அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நடுவில் ஒருவர் புகுந்து தன் சான்றிதழை நீட்டினால், உங்கள் பிரவுசர் அதே எச்சரிக்கையைத்தான் காட்டும். நீங்களும் பழக்கதோஷத்தில் "தொடரவும்" அழுத்திவிடுவீர்கள். அப்போது குறியாக்கம் அவருக்கும் உங்களுக்கும் இடையில் நடக்கும், கடவுச்சொல் அவர் கையில்.

ஆக, ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும், ஆள்மாறாட்டம் செய்பவரைத் தடுக்காது. பேனலுக்குள் போவது நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போய், ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையால் அந்தச் சான்றிதழ்க் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஃபிங்கர்பிரிண்டை, அதாவது அதை அடையாளம் காட்டும் நீண்ட எழுத்து வரிசையை, எடுங்கள். பிரவுசரில் எச்சரிக்கைப் பக்கத்திலிருந்து சான்றிதழ் விவரத்தைத் திறந்தால் அதிலும் அதே ஃபிங்கர்பிரிண்ட் இருக்கும். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்தால் போதாது, முழுவதையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் அந்தச் சான்றிதழுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் இந்த விதிவிலக்கை அந்தக் குறிப்பிட்ட சான்றிதழோடு சேர்த்து நினைவில் வைக்கும். நாளை வேறு சான்றிதழ் வந்தால் மறுபடியும் கத்தும். அந்தக் கத்தலுக்கு மதிப்புக் கொடுத்தால் உங்கள் பேனல் பத்திரம்.

எஸ்எஸ்எச்சிலும் நாம் செய்வது இதுதானே? முதல் முறை சாவியின் ஃபிங்கர்பிரிண்டைக் காட்டும், "எஸ்" என்று அடிப்போம், அப்புறம் மாறினால் மட்டும் கூப்பாடு போடும். அதை யாரும் "வீண்" என்று சொல்வதில்லை.

ஆனால் மின்னஞ்சல் பெட்டி வைத்திருக்கும் உங்கள் ஆட்களிடம் ஃபிங்கர்பிரிண்டை ஒப்பிடச் சொல்ல முடியுமா? முடியாது. அவர்கள் எல்லாவற்றுக்கும் ஓகே அழுத்துவார்கள். நீங்கள் எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்லிக்கொடுத்தால், வங்கித் தளத்தில் அதே எச்சரிக்கை வந்தாலும் தாண்டிப் போவார்கள். என் ஆட்சேபம் அங்கேதான்.

நெட்வலை

பூட்டுச்சாவி சொன்ன விதிவிலக்கு எல்லா இடத்திலும் வேலை செய்யாது. எச்எஸ்டிஎஸ் என்று ஒன்று இருக்கிறது, 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6797 (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப ஆவணம்). இந்தத் தளத்தைச் செல்லும் சான்றிதழோடு எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் திற என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்வது அது. உங்கள் முதன்மைத் தளம் அந்த ஹெடரை, துணை டொமைன்களையும் சேர்த்து, அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் அதை ஹோஸ்ட் பெயருக்கு நினைவில் வைக்கும், போர்ட்டைப் பார்க்காது. அப்புறம் அதே டொமைனில் 8080-இல் செல்ஃப் சைன்டு பேனலைத் திறந்தால் "தொடரவும்" பொத்தானே இருக்காது. நிறையப் பேர் "நேற்று வரை திறந்தது, இன்று திறக்கவில்லை" என்று இங்கே வந்து புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ரூட்டாண்டி

புதுசர்வர், உங்கள் விஷயத்தில் இன்னொன்று கவனித்தேன். ஐஎஸ்பிகான்ஃபிக் 3.2-லிருந்து நிறுவும் ஸ்கிரிப்ட்டே முதலில் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை வாங்கத்தான் பார்க்கும். கிடைக்காவிட்டால்தான் செல்ஃப் சைன்டுக்கு இறங்கும். நாடு, ஊர் என்று கேட்டது என்றாலே முதல் முயற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தம். நீங்கள் செல்ஃப் சைன்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதுதான் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

தோற்றதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஹோஸ்ட்நேமை முழு டொமைன் பெயராக வைக்காமல் வெறுமனே ஒற்றைச் சொல்லாக விட்டிருப்பீர்கள். இல்லையென்றால் அந்தப் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் ஏ ரெக்கார்டு (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) அப்போது போட்டிருக்க மாட்டீர்கள். மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. ஏ ரெக்கார்டு சரியாக இருக்கும், ஆனால் நாலு ஏ போட்ட ஐபிவி6 ரெக்கார்டு ஒன்று பழைய சர்வரைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஐபிவி6 இருந்தால், பெயர் உங்களுடையதுதானா என்று சோதிக்க லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் அந்த வழியாகத்தான் வரும். அங்கே வேறொரு சர்வர் பதில் சொன்னால் சோதனை தோல்வி. உங்கள் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லையென்றால் பிரவுசரில் எல்லாம் சரியாகவே தெரியும், மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவற்றைச் சரிசெய்துவிட்டு, 80-ஆம் போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஐஎஸ்பிகான்ஃபிக் அப்டேட் ஸ்கிரிப்ட்டை ஃபோர்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். புதிய எஸ்எஸ்எல் சான்றிதழ் உருவாக்கவா என்று கேட்கும் இடத்தில் இயல்பான விடை "நோ", அதைக் கவனித்து "எஸ்" என்று அடியுங்கள். வழக்கம்போல என்டர் தட்டிக்கொண்டே போனால் பழையதே நிற்கும். :)

ஒரு எச்சரிக்கை. திரும்பத் திரும்ப முயன்று பார்க்காதீர்கள். ஒரே பெயருக்கு மணிக்கு 5 முறை சோதனை தோற்றால் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள்.

மெயில்வரிசை

மெயில் பக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. "மெயில் சர்வர் சான்றிதழ்" என்று ஒன்றாகச் சொல்கிறோம், ஆனால் அங்கே இரண்டு தனித்தனி உரையாடல்கள் நடக்கின்றன.

ஒன்று, சர்வரும் சர்வரும் 25-ஆம் போர்ட்டில் பேசுவது. இங்கே செல்ஃப் சைன்டு இருந்தால் ஒரு குறையும் இல்லை. எதிர்ச் சர்வர் ஸ்டார்ட்டிஎல்எஸ் (தொடங்கிய இணைப்பைக் குறியாக்கத்துக்கு மாற்றும் வசதி) இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் குறியாக்கம் செய்யும், சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறது என்று பொதுவாகக் கண்டுகொள்ளாது. காரணம் எளிது. சான்றிதழ் பிடிக்கவில்லை என்று இணைப்பை முறித்தால், அடுத்து நடப்பது குறியாக்கமே இல்லாமல் அனுப்புவதுதான். அதைவிட யாரென்று தெரியாதவரிடம் குறியாக்கத்தோடு பேசுவது மேல். "வாய்ப்பிருந்தால் குறியாக்கு" என்ற இந்தக் கொள்கையை 2014-இல் ஆர்எஃப்சி 7435 எழுதியே வைத்தது. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவினால், ஸ்னேக்ஆயில் என்ற பெயரில் அங்கேயே உருவான செல்ஃப் சைன்டு சான்றிதழோடுதான் அது எழுந்து நிற்கும். அப்படியே வருடக்கணக்காக ஓடும் சர்வர்கள் ஏராளம்.

எனவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு: உங்கள் மெயில் ஸ்பேமுக்குப் போவதற்கும் இந்தச் சான்றிதழுக்கும் தொடர்பில்லை. நீங்கள் அனுப்பும்போது உங்கள் சர்வர் கிளையன்ட் வேடத்தில் இருக்கிறது, அதன் சான்றிதழை எதிர்த்தரப்பு பார்ப்பதே இல்லை. பிடிஆர், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், அனுப்பும் சர்வரும் டொமைனும் உண்மையானவை என்று காட்டும் இந்த நாலு டிஎன்எஸ் பதிவுகளையும் பாருங்கள். குறியாக்கம் இல்லாமல் அனுப்பினால்தான் சிக்கல். 2024 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த அனுப்புநர் விதிகளில் டிஎல்எஸ் இணைப்பும் ஒன்று.

லாக் பார்ப்பவர்கள் பயப்படும் ஒரு வரியையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும் இணைப்புகளுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் "அனானிமஸ் டிஎல்எஸ் கனெக்‌ஷன்" என்று எழுதும். யாரோ முகமூடி போட்டு வந்துவிட்டார்கள் என்று பொருளல்ல. வந்தவரிடம் நாம் கிளையன்ட் சான்றிதழ் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வெளியே போகும்போது "அன்ட்ரஸ்டட்" என்று வந்தால், எதிர்ச் சர்வரின் சான்றிதழை நமக்குத் தெரிந்த மூலச் சான்றிதழ்களோடு பொருத்த முடியவில்லை என்று பொருள். இரண்டிலும் குறியாக்கம் நடந்திருக்கிறது.

இரண்டாவது உரையாடல், ஆட்களின் மெயில் ஆப் சர்வரோடு பேசுவது. ஐமேப் 993, பாப் 995, அனுப்ப 465 அல்லது 587. இங்கே கடவுச்சொல் போகிறது, ஆகவே பூட்டுச்சாவி சொன்னதே சட்டம். உங்கள் ஐஃபோன் நண்பருக்கு வந்த திரை சரியான திரை.

பூட்டுச்சாவி

> சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறது என்று பொதுவாகக் கண்டுகொள்ளாது

"பொதுவாக" என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் விரித்தால் நல்லது, மெயில்வரிசை. எம்டிஏ-எஸ்டிஎஸ் போட்டால் கதை மாறும்.

மெயில்வரிசை

ஆமாம். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8461. "என் டொமைனுக்கு மெயில் அனுப்புபவர்கள் சான்றிதழைச் சரிபார்த்தே ஆகவேண்டும்" என்று நீங்களே அறிவிப்பது அது. அதை என்ஃபோர்ஸ் நிலையில் போட்டுவிட்டு எம்எக்ஸில் (உங்கள் டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர்) செல்ஃப் சைன்டு வைத்தால், ஜிமெயில் போன்றவை உங்களுக்கு மெயில் தருவதையே நிறுத்தும். தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்வது.

ஆனால் டேன் இருக்கிறதே, அங்கே செல்ஃப் சைன்டு ராஜா. ஆர்எஃப்சி 7672, 2015. டிஎன்எஸ்ஸில் டிஎல்எஸ்ஏ ரெக்கார்டு ஒன்று போடுவீர்கள். 3 1 1 என்று தொடங்கும், பின்னால் உங்கள் பொதுச் சாவியின் எஸ்எச்ஏ-256 ஹேஷ் வரும். அனுப்பும் சர்வர் அந்த ஹேஷைப் பார்த்து நேரடியாக உங்கள் சாவியைச் சரிபார்க்கும். எந்தச் சான்றிதழ் நிறுவனமும் நடுவில் தேவையில்லை. இந்த 3-ஆம் வகையில் சான்றிதழின் பெயரையும் காலாவதித் தேதியையும்கூடப் பார்ப்பதில்லை. டொமைனில், டிஎன்எஸ் பதிவுகளுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் மட்டும் கட்டாயம் இருக்கவேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், லெட்ஸ் என்கிரிப்ட் வைத்திருப்பவர்கள்தான் டேனில் அடிக்கடி விழுகிறார்கள். தானியங்கிப் புதுப்பிப்பு புதுச் சாவியை உருவாக்கிவிடும், டிஎன்எஸ்ஸில் பழைய ஹேஷ் கிடக்கும், டேன் பார்க்கும் சர்வர்களிலிருந்து வரும் மெயில் எல்லாம் வரிசையில் தேங்கும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை வாங்கித்தரும் செர்ட்பாட் நிரலில் சாவியை மறுபடி பயன்படுத்தும் ஆப்ஷன் இருக்கிறது, டேன் போடுபவர்கள் அதை மறக்கக்கூடாது. செல்ஃப் சைன்டு வைத்தவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

புதுசர்வர்

மிக்க நன்றி அண்ணா, பூட்டுச்சாவி அக்காவுக்கும் நன்றி. ரூட்டாண்டி அண்ணா சொன்னது சரி, ஹோஸ்ட்நேம் ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்கிறது. மாற்றிவிட்டு இன்று இரவு அப்டேட் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். 587 வைப்பதா, 465 வைப்பதா? 465 பழையது, கைவிடப்பட்டது என்று எங்கோ படித்தேன்.

மெயில்வரிசை

அந்தத் தகவல்தான் பழையது. 2018 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8314, 465-ஐ மறுபடி முறைப்படி கொண்டுவந்து, தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ்ஸில் பேசச் சொல்கிறது. 587-இல் முதலில் வெறும் உரையில் பேச்சு தொடங்கி, அப்புறம்தான் குறியாக்கத்துக்கு மாறும். நடுவில் இருப்பவர் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற வரியை மட்டும் அழித்துவிட்டால், "கிடைத்தால் டிஎல்எஸ்" என்று அமைத்த ஆப் ஒன்றும் சொல்லாமல் கடவுச்சொல்லைக் கொட்டிவிடும். இரண்டையும் திறந்து வையுங்கள், ஆட்களிடம் 465-உம் 993-உம் சொல்லுங்கள்.

சர்வர் பக்கத்திலும் பிடித்துக் கட்டுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் டிஎல்எஸ் இல்லாமல் உள்நுழைவு கிடையாது என்ற ஆத்-ஒன்லி அமைப்பை "எஸ்" ஆக்குங்கள். டவ்காட்டில் எஸ்எஸ்எல் என்பதை "ரிக்கொயர்டு" ஆக்குங்கள். ஆனால் 25-ஆம் போர்ட்டில் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்காதீர்கள், அங்கே "மே" என்றே இருக்கட்டும். கட்டாயமாக்கினால் டிஎல்எஸ் பேசத் தெரியாத பழைய சர்வர்களிலிருந்து மெயில் வராது.

டவ்காட் 2.3-இல் சான்றிதழ்க் கோப்பின் பாதைக்கு முன்னால் ஒரு சிறியது-குறி வரும், அம்பு மூக்கு போல. அது தூசி மாதிரி தெரிகிறதே என்று அழித்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் பாதையையே சான்றிதழ் என்று நினைத்துப் படித்துவிட்டு, பிஇஎம் வடிவம் சரியில்லை என்று திட்டும். டெபியன் 13-இல் வரும் டவ்காட் 2.4-இல் அமைப்புகளின் பெயர்களே மாறிவிட்டன, அந்தக் குறியும் போய்விட்டது. பழைய வழிகாட்டியை அப்படியே ஒட்டினால் சர்வீஸ் எழாது.

தூங்காதசெர்வர்

நானும் இதே மாதிரி, ஆனால் என் நிலைமை வேறு. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் சர்வர். வெளியிலிருந்து எந்தப் போர்ட்டும் திறக்க முடியாது, பெயர் .லோக்கல் என்று முடிகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்று எல்லாரும் பாடம் நடத்துகிறார்கள், எனக்கு அது கிடைக்கவே கிடைக்காது. காசு கொடுத்து வாங்கலாமா?

பூட்டுச்சாவி

எவ்வளவு கொடுத்தாலும் தரமாட்டார்கள். இப்படிப்பட்ட உள் பெயர்களுக்குச் சான்றிதழ் தருவதைப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் 2015 நவம்பரோடு நிறுத்திவிட்டன, மிச்சம் இருந்தவற்றையும் 2016 அக்டோபருக்குள் ரத்து செய்தன.

உங்களுக்கு இரண்டு வழி. உங்களிடம் உண்மையான டொமைன் ஒன்று இருந்தால், சர்வருக்கு அதன் கீழ் ஒரு பெயர் வைத்து டிஎன்எஸ் முறையில் சரிபார்த்து லெட்ஸ் என்கிரிப்ட் வாங்கலாம். டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு போட்டால் போதும், எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம், சர்வர் உள்ளேயே இருக்கலாம். .லோக்கல் எப்படியும் எம்டிஎன்எஸ்ஸோடு (உள் வலையில் கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) மோதும், அதை விட்டுவிடுவது நல்லது. உள்பயன்பாட்டுக்கென்றே பெயர் வேண்டுமென்றால் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் 2024-இல் ஒதுக்கிய .இன்டர்னல் இருக்கிறது.

இன்னொரு வழி, சொந்தமாக ஒரு சிஏ, அதாவது சான்றிதழ் வழங்கும் அமைப்பு. செல்ஃப் சைன்டு என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். ஒரே ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, அதைக் கொண்டு பேனல், மெயில், எஃப்டிபி என்று எத்தனை வேண்டுமானாலும் கையொப்பமிடலாம். ஆட்களின் கருவிகளில் மூலச் சான்றிதழை ஒருமுறை நிறுவினால் போதும். சர்வர் சான்றிதழ் மாறினாலும் யாருக்கும் எச்சரிக்கை வராது. எச்சரிக்கை வந்தால் அது நிஜமான எச்சரிக்கை.

தூங்காதசெர்வர்

அதைத்தான் செய்து பார்த்தேன். ஃபயர்ஃபாக்ஸ் ஒன்று சொல்கிறது, குரோம் ஒன்று சொல்கிறது, ஐபேட் எதையுமே கேட்கமாட்டேன் என்கிறது. குரோமில் "காமன் நேம் இன்வேலிட்". பெயர் சரியாகத்தான் கொடுத்தேன்.

நெட்வலை

பெயரைக் காமன் நேம் பகுதியில் மட்டும் கொடுத்திருப்பீர்கள். குரோம் 58, அதாவது 2017-லிருந்து, அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை. எஸ்ஏஎன் என்ற மாற்றுப் பெயர்ப் பட்டியலில் இருக்கவேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-லிருந்து கட்டளை வரியிலேயே ஆட்எக்ஸ்ட் ஆப்ஷனால் அதைச் சேர்க்கலாம், தனியாக அமைப்புக் கோப்பு எழுத வேண்டியதில்லை. ஐபி முகவரி போட்டுத் திறப்பீர்களானால் அதையும் ஐபி என்றே குறித்துச் சேர்க்கவேண்டும், டிஎன்எஸ் என்று குறித்தால் செல்லாது.

ஐபேட் விஷயம்: எத்தனை நாளுக்குச் செல்லும்படி உருவாக்கினீர்கள்?

தூங்காதசெர்வர்

3650. பத்து வருஷம் தொந்தரவு இருக்கக்கூடாது என்று.

பூட்டுச்சாவி

அதுதான். ஐஓஎஸ் 13, மேக்ஓஎஸ் 10.15 முதல், 2019 ஜூலை 1-க்குப் பிறகு கொடுத்த சர்வர் சான்றிதழ் 825 நாளுக்கு மேல் போனால் ஆப்பிள் ஏற்காது. சொந்த சிஏ என்றாலும் விதி அதேதான். சர்வர் ஆத் என்ற பயன்பாட்டுக் குறிப்பும் அதில் இருக்கவேண்டும், ஆர்எஸ்ஏ சாவி 2048 பிட்டுக்குக் குறையக்கூடாது. மூலச் சான்றிதழ் பத்து வருஷம் இருக்கட்டும், அதற்கு இந்த வரம்பு இல்லை. சர்வர் சான்றிதழை மட்டும் சுருக்குங்கள்.

ஐபேடில் இன்னொரு படி உண்டு, பெரும்பாலோர் அங்கேதான் நிற்பார்கள். மூலச் சான்றிதழை நிறுவியவுடன் வேலை முடிந்துவிடாது. ஸெட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் உள்ளே போய்க் கீழே தள்ளினால் சான்றிதழ் நம்பிக்கை அமைப்பு என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே உங்கள் மூலச் சான்றிதழுக்கு முழு நம்பிக்கை என்ற பொத்தானைத் தனியாகத் தள்ளவேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ் என்ன சொல்கிறது?

தூங்காதசெர்வர்

ஏற்கெனவே உள்ள சான்றிதழின் வரிசை எண்ணே இதிலும் இருக்கிறது என்கிறது. தொடர வழியே தரவில்லை.

நெட்வலை

சிஏவை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கியிருக்கிறீர்கள், வரிசை எண் மறுபடி 01-லிருந்து தொடங்கியிருக்கிறது. ஒரே வழங்குநர், ஒரே எண், வேறு சான்றிதழ் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் ஒப்புக்கொள்ளாது. பழைய சான்றிதழையும் விதிவிலக்கையும் சான்றிதழ் மேலாளரிலிருந்து நீக்குங்கள். இனி எண்ணைத் தற்செயலாக எடுக்கும்படி விடுங்கள்.

பூட்டுச்சாவி

ஆண்ட்ராய்டு ஆட்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து, நீங்கள் நிறுவிய மூலச் சான்றிதழை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. ஆப் எழுதியவர் அனுமதித்திருந்தால்தான் உண்டு. குரோம் திறக்கும், மெயில் ஆப் திறக்காது என்ற நிலை வரலாம். அதற்கு உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை, வேறு மெயில் ஆப் தேடவேண்டியதுதான். டெபியன் கிளையன்ட்களில் மூலச் சான்றிதழின் கோப்புப் பெயர் .சிஆர்டி என்று முடியவேண்டும். .பிஇஎம் என்று விட்டால் அப்டேட் கட்டளை "0 சேர்க்கப்பட்டன" என்று சாதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

சிஏவின் பிரைவேட் கீயை அந்தச் சர்வரிலேயே வைக்காதீர்கள். சர்வர் சான்றிதழின் சாவி களவு போனால் ஒரு சர்வர் போச்சு. சிஏ சாவி போனால், அதை நம்பும் எல்லாக் கருவிகளிலும் எந்த டொமைன் பெயரிலும் போலிச் சான்றிதழ் காட்டலாம், வங்கி உட்பட. அதனால் உருவாக்கும்போதே நேம் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டு, உங்கள் உள் டொமைனுக்கு வெளியே அது செல்லாதபடி கட்டிவிடுங்கள். ஏன் மற்றவர்கள் இதைச் செய்வதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை.

அரைகுறைஅட்மின்

இவ்வளவு கூத்துக்குப் பதில் டிஎன்எஸ் முறையில் லெட்ஸ் என்கிரிப்ட் வாங்குவது பத்து நிமிட வேலை. நான் முதலில் சொன்னதையே சொல்கிறேன்.

ரூட்டாண்டி

பெரும்பாலும் நீங்கள் சொல்வதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று. பொதுச் சான்றிதழ் எதை வாங்கினாலும் அது சிடி (சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி) என்ற பொதுப் பதிவேட்டில் ஏறும், அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். "பேனல்" என்று தொடங்கும் துணை டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கினால், இங்கே ஒரு பேனல் இருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாகும். அந்தப் பதிவேட்டையே கவனித்துக்கொண்டிருக்கும் பாட்கள் உண்டு. உள் சர்வர்களின் பெயர்கள் வெளியே தெரியக்கூடாது என்றால் எல்லாத் துணை டொமைன்களுக்கும் பொதுவான வைல்டு கார்டு வாங்கவேண்டும், அல்லது சொந்த சிஏ.

அரைகுறைஅட்மின்

பெயரை மறைப்பது பாதுகாப்பு ஆகாது.

ரூட்டாண்டி

ஆகாதுதான். பேனலை வெளியில் திறந்து வைப்பதே எனக்குப் பிடிக்காது. 8080-ஐ ஃபயர்வாலில் அடைத்துவிட்டு எஸ்எஸ்எச் டனல் வழியாகப் போவேன். உங்கள் கணினியில் ஒரு போர்ட், டனலின் மறுமுனையில் சர்வரின் லோக்கல்ஹோஸ்ட் 8080. பிரவுசர் அப்போதும் செல்ஃப் சைன்டு என்று கத்தும், ஆனால் ஆள்மாறாட்டம் செய்ய நினைப்பவர் முதலில் எஸ்எஸ்எச்சை உடைக்கவேண்டும். வாடிக்கையாளர்களும் பேனலுக்குள் வரவேண்டும் என்றால் இது நடக்காது, அப்போது பொதுச் சான்றிதழே கதி.

விபிஎஸ் எடுப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். தயார்நிலை இமேஜில் பேனல் ஏற்கெனவே நிறுவி வந்தால், அதிலுள்ள செல்ஃப் சைன்டு சான்றிதழும் சாவியும் அந்த இமேஜை எடுத்த எல்லாரிடமும் ஒன்றாக இருக்கலாம். எனக்கு ஒரு இடத்தில் அப்படித்தான் கிடைத்தது, சான்றிதழின் தொடக்கத் தேதி நான் சர்வர் எடுத்த நாளுக்கு வெகு முன்னால் இருந்தது. முதல் வேலையாகச் சாவியைப் புதிதாக உருவாக்குங்கள். கோப்பு அனுமதி 600, உரிமையாளர் ரூட். சாவிக்குக் கடவுச்சொல் போட வேண்டாம், போட்டால் ரீபூட்டுக்குப் பிறகு அப்பாச்சி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும், நடுராத்திரியில் அதற்கு யார் பதில் சொல்வது?

புதுசர்வர்

ஹோஸ்ட்நேமை மாற்றி, அப்டேட் ஓட்டினேன். பேனலில் எச்சரிக்கை போய்விட்டது. போஸ்ட்ஃபிக்ஸுக்கும் எஃப்டிபிக்கும் இதே சான்றிதழை இணைக்கவா என்று கேட்டது, மெயிலுக்கு எஸ், எஃப்டிபிக்கு நோ கொடுத்தேன், டிஎச்பாரம் என்ற குறியாக்க அளவுருக் கோப்பு உருவாக்க நேரம் ஆகும் என்று பயமுறுத்தியதால். ஐஃபோன் நண்பருக்குச் சரியாகிவிட்டது.

ஆனால் இன்னொருவர் மெயில் ஆப்பில் தன் சொந்த டொமைனுக்கு முன்னால் மெயில் என்று போட்டு சர்வர் பெயர் கொடுத்திருக்கிறார். அவருக்கு இப்போது பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது. எஃப்டிபியில் ஃபைல்ஸில்லா இன்னும் பழைய சான்றிதழையே காட்டுகிறது.

மெயில்வரிசை

சான்றிதழ் உங்கள் சர்வர் பெயருக்கு மட்டும்தான். எல்லாரையும் ஐமேப், எஸ்எம்டிபி இரண்டிலும் அந்த ஒரே பெயரைப் போடச் சொல்லுங்கள், மின்னஞ்சல் முகவரி அவரவர் டொமைனிலேயே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர்தான் வேண்டுமென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் 3.4-லிருந்து எஸ்என்ஐ (கேட்ட பெயருக்கேற்பச் சான்றிதழ் காட்டும் வசதி) உண்டு, டவ்காட்டிலும் உண்டு. ஆனால் ஒவ்வொரு டொமைனுக்கும் சான்றிதழ் வாங்கி, புதுப்பித்து, கண்காணித்து... நான் செய்யமாட்டேன்.

உண்மையில் எது ஓடுகிறது என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையால் ஒவ்வொரு போர்ட்டையும் பாருங்கள். கடைசியில் வெரிஃபை எண் வரும். 0 என்றால் சரி, 10 என்றால் காலாவதி, 18 என்றால் செல்ஃப் சைன்டு, 21 என்றால் பெரும்பாலும் இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டீர்கள். 587-க்கும் 25-க்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் எஸ்எம்டிபி என்று சேர்த்துக் கேட்கவேண்டும், இல்லையென்றால் புரியாத பிழை வரும்.

ரூட்டாண்டி

எஃப்டிபிக்கு நீங்கள்தானே நோ சொன்னீர்கள், அது பழையதைக் காட்டுவதில் ஆச்சரியம் என்ன? ப்யூர்-எஃப்டிபிடிக்குச் சாவியும் சான்றிதழும் ஒரே பிஇஎம் கோப்பில் வேண்டும். அப்டேட்டை மறுபடி ஓட்டி இந்த முறை எஸ் சொல்லுங்கள், டிஎச்பாரம் ஓடி முடியும்வரை வேறு வேலை பாருங்கள். முடிந்ததும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதுப்பிப்புக்குப் பின் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ரீலோட் ஆகின்றனவா என்பதையும் முதல் தடவை கூட இருந்து பாருங்கள். வட்டில் புதுச் சான்றிதழ், நினைவகத்தில் பழையது என்று இருந்தால் 90-ஆம் நாள்தான் தெரியும். காலாவதி நினைவூட்டல் மெயிலையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

புதுசர்வர்

செய்தேன், 21-ஆம் போர்ட்டிலும் 0 வருகிறது. 25-இல் மட்டும் லாக்கில் இன்னும் "அனானிமஸ்" என்று ஓடுகிறது, அதை இனி கண்டுகொள்ளப் போவதில்லை. தண்டர்பேர்டில் முன்பு கொடுத்த விதிவிலக்குகளை என்ன செய்வது?

பூட்டுச்சாவி

சான்றிதழ் மேலாளரில் சர்வர்கள் தாவலில் இருக்கும், எடுத்துவிடுங்கள். உங்கள் ஆட்களையும் எடுக்கச் சொல்லுங்கள்.

தூங்காதசெர்வர்

ஐபேட் 820 நாளில் ஒப்புக்கொண்டது. நேம் கன்ஸ்ட்ரெய்ன்ட் எழுதும் விதம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், இதில் கலக்க வேண்டாம்.